தேயிலைத் தோட்டத்திலிருந்து ஐ.ஐ.எம். வரை: மேலாண்மைக் கல்விக்கு வலுவான தகுதி விவரத்தை உருவாக்குவது எப்படி?

தேவிகுளம்: கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில், மூணாறைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றும் தமிழ்க் குடும்பங்களுக்கு வீடு என்பது வேலையோடு பிணைந்தது. குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டத்தில் வேலை செய்யும் வரையில்தான் நிர்வாகம் வழங்கிய லய வீட்டில் குடியிருக்க முடியும். பணி ஓய்வு வந்தால் வீட்டையும் விட்டு வெளியேற வேண்டும். எனவே இங்கு பிள்ளைகளின் படிப்பு என்பது, அடுத்த தலைமுறை எங்கே குடியிருக்கும் என்ற கேள்வியோடும் சேர்ந்தே எழுகிறது.

இக்குடும்பங்களிலிருந்து பட்டப்படிப்பை எட்டும் மாணவர்களுக்கு முன்னுள்ள வழிகளில் ஒன்று, முன்னணி மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் எம்.பி.ஏ. பயில்வது. 'கேட்' தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றால் போதும், இடம் கிடைத்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் நிறுவனங்கள் தேர்வு மதிப்பெண்ணுடன் பள்ளி, கல்லூரி மதிப்பெண்கள், பணி அனுபவம், பொதுச் செயல்பாடுகள், நேர்முகத் தேர்வில் வெளிப்படும் தெளிவு ஆகிய அனைத்தையும் சேர்த்தே ஒருவரை எடைபோடுகின்றன. இவை அனைத்தும் அடங்கியதே விண்ணப்பதாரரின் தகுதி விவரம். அதனைக் கடைசி ஆண்டில் அவசரமாக உருவாக்க இயலாது. தேவிகுளம் மாணவர் ஒருவர் அதனை எங்கிருந்து தொடங்கலாம், எவற்றில் கவனம் செலுத்த வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எந்த நிறுவனத்துக்கு எந்தத் தேர்வு?

இந்திய மேலாண்மைக் கழகங்கள் எனப்படும் ஐ.ஐ.எம்.கள், 1961ஆம் ஆண்டு கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தொடங்கப்பட்டன. இன்று நாடு முழுவதும் இருபதுக்கும் மேற்பட்ட ஐ.ஐ.எம்.கள் இயங்குகின்றன. தேவிகுளத்தைச் சேர்ந்தவர்களுக்கு அருகிலுள்ளவை 1996இல் நிறுவப்பட்ட கோழிக்கோடு ஐ.ஐ.எம்., 2011இல் நிறுவப்பட்ட திருச்சி ஐ.ஐ.எம். ஆகியவை. இவை அனைத்துக்கும் பொதுவான நுழைவுத் தேர்வு 'கேட்'.

ஜாம்ஷெட்பூரின் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நிறுவனம் நடத்தும் 'சாட்' தேர்வும், தேசியத் தேர்வு முகமை நடத்தும் 'சிமேட்' தேர்வும் வேறு பல கல்லூரிகளுக்கு வழி திறக்கின்றன. கேரளக் கல்லூரிகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு ஆணையர் நடத்தும் 'கேமேட்', தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'டான்செட்' ஆகியவை உள்ளன. இரு மாநில எல்லையில் வாழும் மாணவர்கள் இவ்விரண்டின் தகுதி நிபந்தனைகளையும் படித்துப் பார்ப்பது நல்லது. வெளிநாட்டு நிறுவனங்கள் பொதுவாக 'ஜிமேட்' அல்லது 'ஜி.ஆர்.இ.' மதிப்பெண்ணுடன் கட்டுரைகளையும் பரிந்துரைக் கடிதங்களையும் கேட்கின்றன.

'கேட்' தேர்வு எழுத இளநிலைப் பட்டத்தில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 45 சதவீதம் போதும். இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் விண்ணப்பம் பெறப்பட்டு, பெரும்பாலும் நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று தேர்வு நடைபெறுகிறது. ஆங்கில வாசிப்பு, தரவு விளக்கமும் தருக்கமும், கணிதம் என மூன்று பகுதிகள்; பகுதிக்கு 40 நிமிடம் வீதம் மொத்தம் இரண்டு மணி நேரம். 2024ஆம் ஆண்டு வினாத்தாளில் 68 வினாக்கள் இடம்பெற்றன. சரியான விடைக்கு 3 மதிப்பெண்; விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களில் தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும்.

பத்தாம் வகுப்பிலேயே தொடங்கும் கணக்கு

அகமதாபாத் ஐ.ஐ.எம். அண்மை ஆண்டுகளில் பின்பற்றிவரும் இறுதித் தேர்வு முறை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதில் நேர்முகத் தேர்வுக்கு 50 சதவீதம், 'கேட்' மதிப்பெண்ணுக்கு 25 சதவீதம், விண்ணப்ப மதிப்பீட்டுக்கு 15 சதவீதம், எழுத்துத் தேர்வுக்கு 10 சதவீதம் ஒதுக்கப்படுகிறது. விண்ணப்ப மதிப்பீடு என்பது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு ஆகியவற்றின் மதிப்பெண்களையும் பணி அனுபவத்தையும் உள்ளடக்கியது. மற்ற ஐ.ஐ.எம்.களும் வெவ்வேறு விகிதங்களில் இவற்றையே கணக்கில் கொள்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தனது விகிதத்தை ஆண்டுதோறும் இணையதளத்தில் வெளியிடுகிறது.

இதன் பொருள் எளிது. பதினைந்து வயதில் பெற்ற மதிப்பெண், ஏழு ஆண்டுகளுக்குப் பின் எம்.பி.ஏ. விண்ணப்பத்தில் மீண்டும் வந்து நிற்கும். கேரளத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தமிழ் வழியிலும் எழுதலாம். தேவிகுளம் வட்டத்தின் தமிழ்வழிப் பள்ளிகளில் பயிலும் மாணவர்களின் பெற்றோருக்கு இச்செய்தி அப்போதே தெரிந்திருப்பது பெரும் நன்மை தரும்.

பள்ளி மதிப்பெண் ஏற்கெனவே குறைந்துவிட்டது என்றால் வழி அடைந்துவிடவில்லை. பட்டப்படிப்பு மதிப்பெண், 'கேட்' மதிப்பெண், பணி அனுபவம் ஆகிய மூன்றும் இன்னும் மாணவரின் கையில் உள்ளன. பள்ளி மதிப்பெண்ணுக்குக் குறைந்த இடமளிக்கும் நிறுவனங்களைத் தேடி விண்ணப்பிப்பதும் விவேகமான செயலே.

எந்தப் பட்டம் படிக்கலாம்?

பொறியியல் படித்தவர்களுக்கே ஐ.ஐ.எம். என்பது பழைய எண்ணம். ஒரே பின்னணியினர் நிறைந்த வகுப்பறையைத் தவிர்க்கவே நிறுவனங்கள் விரும்புகின்றன. அகமதாபாத் ஐ.ஐ.எம்., விண்ணப்பதாரர்களைப் பட்டப் பாடங்களின் அடிப்படையில் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் முதல்நிலையில் உள்ளவர்களைத் தனியாகக் கருதும் முறையையும் வைத்துள்ளது. கோழிக்கோடு ஐ.ஐ.எம்.மில் 2013இல் சேர்ந்த வகுப்பில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். பெண் விண்ணப்பதாரர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் வழங்கும் முறை பல ஐ.ஐ.எம்.களில் உள்ளது.

எனவே மூணாறு அரசுக் கல்லூரியில் தமிழ் இலக்கியமோ வணிகவியலோ படித்த ஒரு மாணவி, தன் பாடத்தின் காரணமாகத் தயங்க வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டு நிலச்சரிவில் கட்டடங்களை இழந்த கல்லூரி அது. அத்தகைய சூழலிலும் பாடங்களில் நிலையான மதிப்பெண் பெற்ற ஒருவரின் சான்றிதழ், தேர்வுக் குழுவினரிடம் தனக்கான விளக்கத்தைத் தானே சொல்லும்.

ஆங்கிலம் எனும் மேடு

'கேட்' வினாத்தாள் முழுவதும் ஆங்கிலத்திலேயே உள்ளது. தமிழ் வழியில் பயின்றவர்களுக்கு முதற்பகுதியே கடினமானது. நீண்ட பத்திகளைப் படித்து ஆசிரியரின் கருத்தை உணர்ந்து விடையளிக்கும் வினாக்களே அப்பகுதியில் பெரும்பான்மை. சொற்பட்டியலை மனப்பாடம் செய்வது இதற்கு உதவாது. நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தையோ கட்டுரையையோ படித்து, அதன் சாரத்தை மூன்று வரிகளில் எழுதிப் பழகுவதே பயன்தரும். முதலாம் ஆண்டிலேயே தொடங்கினால் மூன்றாண்டுகளில் ஆயிரம் கட்டுரைகளை ஒருவர் படித்து முடித்திருப்பார்.

மொழித் தடையைக் கடந்தவர்களுக்குக் கேரளத்திலேயே முன்னுதாரணம் உண்டு. காசர்கோடு மாவட்டம் பாணத்தூரைச் சேர்ந்த ரஞ்சித் ராமச்சந்திரன், தொலைபேசி நிலையத்தில் இரவுக் காவலராகப் பணியாற்றிக்கொண்டே பகலில் பொருளாதாரப் பட்டம் படித்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வுக்குச் சேர்ந்தபோது ஆங்கிலத்தில் பேசத் தெரியாமல் படிப்பைக் கைவிட நினைத்ததாக அவரே பின்னர் எழுதினார். ஆய்வு வழிகாட்டியின் ஊக்கத்தால் முனைவர் பட்டம் பெற்று, 2021இல் ராஞ்சி ஐ.ஐ.எம்.மில் உதவிப் பேராசிரியரானார். மாணவராக அல்லாமல் ஆசிரியராகவே அவர் ஐ.ஐ.எம்.முக்குள் நுழைந்தார்.

பணி அனுபவம் எது?

'கேட்' விண்ணப்பத்தில் பணி அனுபவம் எனக் கேட்கப்படுவது, பட்டம் பெற்ற பின் செய்த முழுநேர ஊதியப் பணி மட்டுமே. விடுமுறையில் கொழுந்து பறிக்கச் சென்றது, சுற்றுலாப் பருவத்தில் விடுதியில் பகுதிநேரமாக வேலை செய்தது, கல்லூரிக் காலப் பயிற்சிப் பணி ஆகியவற்றை அந்தக் கட்டத்தில் எழுதக் கூடாது. அவற்றுக்கான இடம் கட்டுரையும் நேர்முகத் தேர்வும். அங்கே அவற்றைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

முழுநேரப் பணியில் சேர்பவர்கள், நிறுவனத்தின் பெயரைவிடத் தாம் ஏற்கும் பொறுப்பைக் கவனிக்க வேண்டும். நியமனக் கடிதம், ஊதியச் சீட்டு, விடுவிப்புக் கடிதம் ஆகிய மூன்றையும் முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்த வேண்டும். இவை இல்லாத அனுபவம் சரிபார்ப்பின்போது கணக்கில் சேராமல் போகலாம்.

தோட்ட வாழ்க்கையை எழுதுவது எப்படி?

பெருநகர மாணவர்கள் பலர் பணம் செலுத்திச் சான்றிதழ் வகுப்புகளையும் குறுகிய காலத் தன்னார்வப் பயணங்களையும் சேர்த்துத் தங்கள் விவரத்தை நிரப்புகின்றனர். தேவிகுளம் மாணவருக்கு அதற்கான பணமும் இல்லை, தேவையும் இல்லை. அவரைச் சுற்றியுள்ள வாழ்க்கையே பொருளாதாரப் பாடமாக இருக்கிறது.

குடும்பஸ்ரீ குழு ஒன்றின் வரவு செலவுக் கணக்கை ஓராண்டு எழுதித் தரலாம். வட்டவடை, காந்தலூர் விவசாயிகளின் காய்கறியும் பூண்டும் எந்தெந்தக் கைகள் வழியாகச் சந்தையை அடைகின்றன, ஒவ்வொரு கையிலும் விலை எவ்வளவு உயர்கிறது என்பதைப் பதிவு செய்யலாம். புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லத்தின் விலையையும் சாதாரண வெல்லத்தின் விலையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் பங்கேற்கலாம். தோட்டத்துப் பள்ளி மாணவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தலாம். எதைச் செய்தாலும் ஒன்றையோ இரண்டையோ தேர்ந்தெடுத்து, குறைந்தது ஓராண்டு தொடர்ந்து செய்வது முக்கியம்.

எழுதும்போது பெரும் சொற்களைத் தவிர்க்க வேண்டும். "எனக்குத் தலைமைப் பண்பு உண்டு" என்ற வரியால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. அதற்கு மாறாக ஒரு மாதிரி வரியைப் பாருங்கள்: "எங்கள் டிவிஷனில் எட்டுப் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஓராண்டு மாலையில் கணிதம் கற்பித்தேன். முதல் பருவத்தில் மூவர் தேர்ச்சி பெற்றனர். பொதுத்தேர்வில் ஏழு பேர் தேர்ச்சி பெற்றனர்." இதில் எண் இருக்கிறது, காலம் இருக்கிறது, விளைவும் இருக்கிறது. தேர்ச்சி பெறாத அந்த எட்டாவது மாணவர் ஏன் தவறினார் என்று குழுவினர் கேட்கக்கூடும். உண்மையாகவே கற்பித்தவரிடம் அதற்கு விடை இருக்கும். கதை எழுதியவரிடம் இருக்காது. பொய்யான தகவல் கண்டறியப்பட்டால் எந்தக் கட்டத்திலும் சேர்க்கை ரத்து செய்யப்படும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வறுமையை மட்டும் விவரித்து இரக்கம் தேடுவதும் பயன் தராது. குறைந்த வசதிகளைக் கொண்டு ஒருவர் என்ன செய்தார் என்பதே மதிப்பிடப்படுகிறது.

நேர்முகத் தேர்வில் மூணாறு

"உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பது மேலாண்மை நேர்முகத் தேர்வுகளில் வழக்கமான தொடக்க வினா. தேயிலை, பனிமூட்டம், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி என்று சுற்றுலாக் கையேடுபோல் பதிலளித்தால் நல்ல வாய்ப்பு வீணாகிவிடும். மூணாறில் நாடே கவனித்த ஒரு மேலாண்மைப் பாடம் இருக்கிறது.

டாடா டீ நிறுவனம் தோட்டங்களின் நேரடி நிர்வாகத்திலிருந்து விலகியபோது, 2005இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் நிறுவனம் உருவானது. அதன் பெரும்பான்மைப் பங்குகள் பணியாளர்களிடமே உள்ளன. கொழுந்து பறிக்கும் பெண்ணும் அதில் பங்குதாரர். ஆனால் 2015 செப்டம்பரில், முந்தைய ஆண்டைவிடக் குறைத்து 10 சதவீதமே போனஸ் என்று அறிவிக்கப்பட்டதும் அப்பெண்களே ஆயிரக்கணக்கில் மூணாறு சாலைகளில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்து 'பெண்பிள்ளை ஒருமை' என்ற பெயரில் அவர்கள் நடத்திய ஒன்பது நாள் போராட்டத்தின் முடிவில், 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை என மொத்தம் 20 சதவீதம் வழங்க ஒப்புக்கொள்ளப்பட்டது. அப்போது நாளொன்றுக்கு 232 ரூபாயாக இருந்த தோட்டக் கூலி, அடுத்த மாதம் நடந்த பேச்சுவார்த்தையில் 301 ரூபாயாக உயர்ந்தது.

தாங்களே பங்குதாரராக இருக்கும் நிறுவனத்துக்கு எதிராகத் தொழிலாளர்கள் ஏன் போராடினர்? பங்கு இருப்பதும் முடிவெடுக்கும் அதிகாரம் இருப்பதும் ஒன்றா? தேயிலை விலை சரியும்போது இழப்பை யார் ஏற்பது? இவ்வினாக்களுக்கு நிர்வாகத்தின் பக்கத்தையும் தொழிலாளரின் பக்கத்தையும் நேர்மையாக எடுத்துரைக்கக்கூடிய மாணவர், எந்தத் தேர்வுக் குழுவின் முன்னும் தனித்துத் தெரிவார். 2020 ஆகஸ்டில் 70 உயிர்களைப் பறித்த பெட்டிமுடி நிலச்சரிவும் அவ்வாறே. லயங்கள் எங்கே கட்டப்பட வேண்டும், தொழிலாளர் குடியிருப்புக்கு யார் பொறுப்பு என்பவை நிர்வாகம் சார்ந்த வினாக்களே. வீட்டில் கேட்டறிந்ததை ஆவணங்களோடு ஒப்பிட்டுப் படித்திருப்பது இங்கே கைகொடுக்கும்.

சான்றிதழ்: தள்ளிப்போடக் கூடாத வேலை

ஐ.ஐ.எம்.களில் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5 சதவீதம், வசதி வரம்புக்கு உட்பட்ட இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீதம் வரை இட ஒதுக்கீடு உண்டு. தேவிகுளம் வட்டத்தில் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடியின் முதுவர் மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

தோட்டத் தமிழருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உள்ளது. பட்டியல் சாதித் தகுதி மாநிலம் சார்ந்தது. குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக்கு முன்பே குடும்பம் கேரளத்தில் குடியிருந்ததா என்பது சான்றிதழ் வழங்குகையில் கேட்கப்படுகிறது. இச்சிக்கல் எவ்வளவு ஆழமானது என்பதைத் தேவிகுளம் தனித் தொகுதி சட்டமன்ற உறுப்பினர் ஏ. ராஜாவின் வழக்கு காட்டியது. 2021இல் அவர் பெற்ற வெற்றியைக் கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் அத்தீர்ப்பை ரத்து செய்து வெற்றியை உறுதி செய்தது. முன்னோர் எந்த ஆண்டில் கேரளத்துக்கு வந்தனர் என்பது வரை அவ்வழக்கில் விவாதிக்கப்பட்டது.

ஆகவே பாட்டன், பாட்டி காலத்துத் தோட்டப் பதிவு, பழைய குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றை மாணவர்கள் கல்லூரி முதலாம் ஆண்டிலேயே திரட்டி, கிராம அலுவலகத்தையும் வட்ட அலுவலகத்தையும் அணுக வேண்டும். மத்திய அரசு நிறுவனங்களுக்கு உரிய படிவத்திலேயே சான்றிதழ் பெற வேண்டும். இதர பிற்படுத்தப்பட்டோர், நலிந்த பிரிவினர் சான்றிதழ்களை நடப்பு நிதியாண்டில் பெற்றிருக்க வேண்டும். 'கேட்' விண்ணப்பத்தில் குறிப்பிட்ட பிரிவைப் பின்னர் மாற்ற இயலாது.

கட்டணத்துக்கு என்ன வழி?

முன்னணி ஐ.ஐ.எம்.களில் இரண்டாண்டுக் கட்டணம் இருபது லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. தோட்டக் கூலியில் இத்தொகையை நினைத்துப் பார்க்கவும் முடியாது. எனினும் பணத்தை எண்ணி விண்ணப்பிக்காமல் இருந்துவிடக் கூடாது. மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் இடம் பெறுவோருக்குப் பிணையமோ ஜாமீன்தாரரோ இன்றிக் கல்விக் கடன் கிடைக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டத்திலும் ஐ.ஐ.எம்.கள் இடம்பெற்றுள்ளன. அதற்கும் வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். நிறுவனங்களே வழங்கும் நிதியுதவியும் தனியாக உள்ளது. 'கேட்' விண்ணப்பக் கட்டணம் 2024இல் 2,500 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 1,250 ரூபாய்.

ஆண்டுவாரியாகச் செய்ய வேண்டியவை

பத்து முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை: பொதுத்தேர்வு மதிப்பெண்ணில் முழுக் கவனம், கணிதத்தை அஞ்சி விலக்காதிருத்தல்.

பட்டப்படிப்பு முதலாம் ஆண்டு: சாதி, வருமான ஆவணங்களைத் திரட்டுதல், நாள்தோறும் ஆங்கில வாசிப்பு, ஒரு பொதுச் செயல்பாட்டைத் தொடங்குதல்.

இரண்டாம் ஆண்டு: அச்செயல்பாட்டைத் தொடர்ந்து எண்களோடு குறிப்பேட்டில் பதிவு செய்தல், பத்தாம் வகுப்புக் கணிதத்தை மீண்டும் படித்துப் 'கேட்' பயிற்சியைத் தொடங்குதல், 'கேட்' தேர்வின் பழைய வினாத்தாள்களை நேரம் குறித்து எழுதிப் பார்த்தல்.

இறுதியாண்டு: ஆகஸ்டில் விண்ணப்பம், வாரந்தோறும் மாதிரித் தேர்வு, ஜனவரி முதல் நேர்முகத் தேர்வுப் பயிற்சி. முதல் முயற்சியில் இடம் கிடைக்காவிட்டால் பணியில் சேர்ந்து, அனுபவத்துடன் மீண்டும் எழுதலாம்.

தேர்வு மையம் குறித்தும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். மூணாறிலிருந்து கொச்சி ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காலை அமர்வு 8.30 மணிக்கே தொடங்கிவிடும். நவம்பர் மாதம் வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் மலைப்பாதையில் எப்போது வேண்டுமானாலும் தடை ஏற்படலாம். முந்தைய நாள் பகலிலேயே மலையிறங்கி, தேர்வு நகரில் தங்குவதே பாதுகாப்பானது. ஓராண்டு உழைப்பை ஒரு மண்சரிவு வீணாக்க விடக் கூடாது.

வலுவான தகுதி விவரம் என்பது கடையில் வாங்கும் பொருளன்று. ஆண்டுகளாகச் சேரும் சான்றுகளின் தொகுப்பு. தேவிகுளம் மாணவர்களிடம் சொல்வதற்கு உண்மையான வாழ்க்கை இருக்கிறது. அதனை மதிப்பெண்ணாலும் ஆவணத்தாலும் தெளிவான சொல்லாலும் நிறுவுவதே அவர்கள் செய்ய வேண்டிய பணி. அப்பணியை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறார்களோ, அவ்வளவு நல்லது.